மாமியார் கொடுத்த ஃபர் கோட்டை லண்டனுக்குப் போட்டுக்கொண்டு போகலாமா?

கேள்வி: டிசம்பரில் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு லண்டன் போகிறோம், 9 நாள். என் மாமியார் 1980களில் ஹாங்காங்கில் வாங்கிய ஃபர் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "இதைப் போட்டுக்கொள், புதிதாக எதுவும் வாங்காதே" என்கிறார். லண்டனில் ஃபர் போட்டால் பெயிண்ட் ஊற்றுவார்கள் என்று தோழி பயமுறுத்துகிறாள். போடலாமா, வேண்டாமா?

பதில்:

பெயிண்ட் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கோட்டை ஹேங்கரிலிருந்து கழற்றிக் கட்டிலில் விரித்துப் போடுங்கள். அக்குளுக்குக் கீழே, தோள்பட்டையில், பொத்தான் ஓரத்தில் என்று மூன்று நான்கு இடங்களில் இரண்டு கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களால் பிடித்து மெதுவாகக் கசக்குங்கள். டிவியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், காது வேண்டும். உள்ளே இருக்கும் தோல் நல்ல கையுறை போல வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் கோட்டுக்கு உயிர் இருக்கிறது. அப்பளம் நொறுங்குவது போல மெல்லிய சத்தம் வந்தால் கோட் முடிந்துவிட்டது. மேலே முடி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

நான் இங்கே சிங்கப்பூரில் குளிர் ஆடை விற்கிற, வாடகைக்கும் விடுகிற ஒரு கடையில் 14 ஆண்டு வேலை பார்த்தவன். தையல் திருத்தம் என் பொறுப்பு. நவம்பர் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் உங்களைப் போல யாராவது ஒருவர் அம்மாவுடையது, பாட்டியுடையது என்று ஒரு ஃபர் கோட்டைப் பெரிய பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு வருவார். பத்தில் ஏழு எட்டு கோட்டுகள் அப்பளம்தான்.

காரணம் எளிது. ஃபர் என்பது துணியே கிடையாது, முடியோடு பதப்படுத்திய தோல். பதப்படுத்தும்போது அதில் ஏற்றிய எண்ணெய்ப் பசைதான் அதை மெத்தென்று வைத்திருக்கிறது. வெப்பத்தில் அந்தப் பசை வற்றும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். குளிர் நாடுகளில் ஃபர் வைத்திருப்பவர்கள் கோடைக்காலத்தில் அதைக் குளிர் அறையில் கொண்டுபோய் வைப்பார்கள், கிட்டத்தட்ட 10 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். நம் வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரியில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். ஈரம் உறிஞ்சுகிற ஹிப்போ டப்பா நாலு வைத்தாலும் அவை இரண்டு வாரத்தில் தண்ணீர் நிரம்பி உட்கார்ந்திருக்கும். உங்கள் மாமியாரின் கோட் அந்த நிலையில் 30 ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறது. அதோடு பாச்சை உருண்டை போட்டிருந்தால், அந்த வாசனை ஃபரை விட்டுப் போவது மிகவும் கடினம். 13, 14 மணி நேர விமானப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்துப் பாருங்கள்.

ஒரு வாடிக்கையாளர் நான் சொல்லியும் கேட்காமல் அப்படி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். விமானத்தில் பையை மேலே வைக்கக் கையைத் தூக்கியிருக்கிறார், தோளிலிருந்து முதுகு வரை ஒரே கிழிசல். திரும்பி வந்து "தைத்துக் கொடுங்கள்" என்றார். துணி கிழிந்தால் தைக்கலாம். செத்த தோலில் ஊசி குத்துகிற இடமெல்லாம் தபால்தலை ஓரம் போல ஆகி, அடுத்த இழுப்பில் அங்கேயே பிய்ந்துகொள்ளும். நான் தைக்கவில்லை.

சரி, உங்கள் கோட் இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, அது என்ன விலங்கு?

முதலில் உண்மை ஃபர்தானா என்று பாருங்கள். முடியை வகிடு எடுப்பது போலப் பிரித்து அடியைப் பாருங்கள். தோல் தெரிந்தால் உண்மை. பின்னல் துணி தெரிந்தால் செயற்கை. உதிர்ந்த ஓர் இழையைத் தட்டில் வைத்துக் கொளுத்தினால் உண்மையானது முடி கருகும் நாற்றம் அடித்துச் சாம்பலாகும், செயற்கை உருகிக் குட்டி உருண்டையாகச் சுருளும். கோட்டில் வைத்துக் கொளுத்தாதீர்கள். சிரிக்காதீர்கள், ஒருவர் செய்தார்.

அந்தக் காலத்து ஹாங்காங் ஃபர் என்றால் பெரும்பாலும் மிங்க்காக இருக்கும். ஃபர் ஆடை தைத்து ஏற்றுமதி செய்வதில் அன்று ஹாங்காங் உலகின் பெரிய இடங்களில் ஒன்று. மிங்க் என்பது நம் கீரிப்பிள்ளை சாயலில் இருக்கும் சின்ன விலங்கு. கோட்டின் அடி விளிம்பில் உள்துணித் தையலை ஓர் ஐந்து அங்குலம் பிரித்து உள்ளே பார்த்தீர்கள் என்றால் அசந்துபோவீர்கள். ஒவ்வொரு தோலையும் சில மில்லிமீட்டர் அகலத்தில் சாய்வாகக் கீற்று கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றையும் கொஞ்சம் கீழே நகர்த்தித் திரும்பத் தைத்திருப்பார்கள். குட்டையான தோல் இப்படித்தான் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே வரியாக நீளும். பின்பக்கம் பார்த்தால் மீன் முள் மாதிரி ஆயிரக்கணக்கில் தையல். தையல்காரனாகச் சொல்கிறேன், அந்தக் கைவேலைக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை. அப்புறம் எண்ணிப் பார்த்தால் ஒரு முழுநீளக் கோட்டுக்கு 50, 60 மிங்க். இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். அந்தச் சங்கடம் எனக்குக் கடைசிவரை போகவில்லை.

மிங்க், முயல், பண்ணை நரி என்றால் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. புள்ளியோ வரியோ இருந்தால் நில்லுங்கள். 1960, 70களில் சிறுத்தை, ஓசலாட் போன்ற காட்டுப் பூனை இனங்களின் தோலில் நிறைய கோட்டுகள் வந்தன. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 1986 முதல் இருக்கிறது, பிரிட்டனும் இருக்கிறது. அப்படிப்பட்ட தோலை "பழசுதான், என்னுடையதுதான்" என்று சொல்லிச் சும்மா எடுத்துப் போய்வர முடியாது. இங்கே தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டு, தேவையான பத்திரம் வாங்கிய பிறகுதான் விமானம் ஏற வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் திரும்பி இறங்கும்போதும் இதே கேள்வி வரும். காஷ்மீர் சுற்றுலாவில் யாராவது "ஷாதூஷ்" என்று மோதிரத்துக்குள் நுழைகிற சால்வை வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது திபெத்திய மான் இனத்தைக் கொன்று எடுக்கிற ரோமம், உலகம் முழுக்க வணிகத் தடையில் இருக்கிறது. பஷ்மீனா வேறு, அது ஆட்டு ரோமம், தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம்.

இப்போது பெயிண்ட். 1980, 90களில் ஃபர் எதிர்ப்பு இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நாட்களின் கதை அது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று லண்டன் தெருவில் உங்கள் மேல் யாரும் பெயிண்ட் ஊற்றப் போவதில்லை. ஆனால் ஊர் மனசு மாறிவிட்டது உண்மை. ஃபருக்காக விலங்கு வளர்ப்பதை இங்கிலாந்தும் வேல்ஸும் 2000இல் சட்டம் போட்டுத் தடுத்தன, மற்ற பகுதிகளும் பின்னாலேயே வந்தன. செல்ஃப்ரிட்ஜஸ் கடை 2005இலேயே ஃபர் விற்பதை விட்டது. லண்டன் ஃபேஷன் வாரம் 2018இல் ஃபர் இல்லாமல் நடந்தது. எலிசபெத் அரசிக்கே 2019 முதல் புதிதாகத் தைக்கும் உடைகளில் செயற்கை ஃபர்தான் என்று செய்தி வந்தது. அணிவதற்குத் தடை கிடையாது, விற்கவும் தடை கிடையாது. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் ஒரு முறைப்பு, வரிசையில் நிற்கும்போது ஒரு சொல், இது நடக்கலாம்.

எங்களுக்கு நடந்தது. ஆக்ஸ்போர்ட் ஸ்திரீட்டில் ஒரு மூதாட்டி என் மனைவியின் கழுத்துப் பட்டையைக் காட்டி, மிக மரியாதையான குரலில், "இது எந்த விலங்கு, அம்மா?" என்று கேட்டார். அது அசல் அக்ரிலிக். மனைவிக்குக் கேள்வி சரியாகப் புரியவில்லை, எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து "முஸ்தபா" என்றாள். அந்த அம்மா அப்படி ஒரு விலங்கைக் கேள்விப்பட்டதில்லை போல, வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார். செயற்கை ஃபர் போட்டாலும் கேள்வி வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே ஊரில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் சிவப்புச் சட்டைக் காவலர்கள் தலையில் வைத்திருக்கும் உயரமான தொப்பி கனடாவின் கருங்கரடித் தோல். அதை எதிர்த்தும் போராட்டம் நடக்கிறது, அதற்கு முன்னால் நின்று எல்லாரும் படமும் எடுக்கிறார்கள். உங்கள் மகள் கேம்பிரிட்ஜில் இளங்கலை முடிப்பவளாக இருந்தால் அவள் முதுகில் தொங்கும் பட்டத் துணியின் ஓரத்தில்கூட வெள்ளை ஃபர் இருக்கும். இப்போது பெரும்பாலும் செயற்கைதான், மரபு மட்டும் பழையது.

ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முறைப்பு காரணமில்லை. லண்டன் டிசம்பருக்கு ஃபர் பொருந்தாது, அவ்வளவுதான். பகலில் 8, 9 டிகிரி, இரவில் 3, 4. பனி கொட்டுகிற குளிர் இல்லை, நசநசவென்று தூறுகிற குளிர். ஃபர் உலர்ந்த பனியை உதறித் தள்ளிவிடும், தூறலில் ஊறினால் நனைந்த நாய் போல ஆகிவிடும். ஹோட்டலில் ஹீட்டர் மேல் போட்டு உலர்த்தினால் தோல் சுருங்கி அதோடு சரி. அப்புறம், நீங்கள் வெளியே இருக்கிற நேரத்தைவிட உள்ளே இருக்கிற நேரம் அதிகம். பாதாள ரயிலில் இறங்கியதும் வேர்க்கும். கடையில் வேர்க்கும். இரண்டு மூன்று கிலோ கோட்டைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், மடித்துப் பையில் திணிக்கவும் முடியாது. பட்டமளிப்பு மண்டபத்தில் நாற்காலிக்கு நாற்காலி இடைவெளி எவ்வளவு என்று போனவர்களைக் கேளுங்கள். மடியில் ஒரு தூங்குகிற ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கைதட்டுவது போல இருக்கும்.

விழாவுக்குப் பட்டுச்சேலைதான் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கோட்டைவிட உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். பாவாடைக்குப் பதிலாகச் உடம்புச் சூட்டைக் காக்கும் லெக்கிங்ஸ், இல்லையென்றால் இரண்டும். நைலான் பாவாடை வேண்டாம், ஹீட்டர் ஓடுகிற அறைகளின் உலர்ந்த காற்றில் அது மின்சாரம் பிடித்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும், மடிப்பு நிற்காது. பருத்திப் பாவாடை போதும். ரவிக்கைக்குள் முழுக்கை வெப்ப உள்ளாடை, கழுத்து இறக்கமானதாகப் பார்த்து. யூனிக்லோவில் கிடைப்பதே போதும். மேலே முழங்காலுக்குக் கீழே வருகிற, தண்ணீர் ஒட்டாத, உள்ளே வாத்து இறகு அடைத்த இறகு கோட். சேலையை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் தூக்கிக் கட்டுங்கள், நடைபாதை ஈரம் ஜரிகையில் ஏறாது. ஷூவும் கம்பளிக் காலுறையும் சேலைக்குள் யாருக்கும் தெரியாது. படம் எடுக்கும் இரண்டு நிமிடத்துக்குக் கோட்டைக் கழற்றி உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடலாம். இறகு கோட் புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றில்லை, 9 நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம், அக்கம்பக்கத்தில் இரவலும் கிடைக்கும். மாமியார் சொன்னபடி புதிதாக எதுவும் வாங்காததாகவும் ஆயிற்று.

வேறு ஊர் என்றால் பதில் மாறும். சோலுக்கும் நியூயார்க்குக்கும் கனமான இறகு கோட்டே போதும். மிலானில் வயதான சீமாட்டிகள் இன்னும் மிங்க் போடுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: கலிஃபோர்னியாவில் புது ஃபர் விற்பதற்கு 2023 ஜனவரி முதல் தடை. பழையதை விற்பதற்கும் அணிவதற்கும் தடை இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து வெயிலில் அதைப் போடுவது தேக்கா சந்தைக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு போவது மாதிரி.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஃபருக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டேன். வடகிழக்குச் சீனாவின் ஹார்பின், ஜனவரி மாதம். பனிச் சிற்பங்களைப் பார்க்கப் போனோம். இரவில் மைனஸ் 25. கைத்தொலைபேசி சட்டைப் பையை விட்டு வெளியே வந்த சில நிமிடத்தில் செத்துவிடும். மூக்குக்குள் முடி உறைந்து குத்தும். அங்கே காய்கறி வாங்கப் போகிற அம்மாகூட மிங்க் கோட்டில் போகிறார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் இறகு கோட்டில் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. தலைமூடியின் ஓரத்தில் இருந்த செயற்கை ஃபர்தான் காலை வாரியது. மூச்சுக் காற்று அதில் பட்டு உறைந்து, ஒவ்வொரு இழையும் பனி ஊசியாகிக் கன்னத்தைக் கீறியது. எங்களை அழைத்துப்போன வழிகாட்டியின் மூடியில் உண்மை ஃபர். அவர் கையால் ஒரு தட்டுத் தட்டினார், உறைபனி உமி மாதிரி உதிர்ந்தது. நீண்ட மேல்முடி காற்றை உடைக்கிறது, அடியில் நெருக்கமான பஞ்சுமுடி சூட்டைப் பிடித்துவைக்கிறது. பனிப்பிரதேச மக்கள் முகத்தைச் சுற்றி ஓநாய், வால்வரின் போன்ற பனிநாட்டு விலங்குகளின் முடியை வைத்துத் தைப்பது அலங்காரத்துக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் 9 நாள் சுற்றுலாவுக்கு அதைக்கூட வாங்க வேண்டியதில்லை. ஒரு கம்பளி மஃப்ளரை மூக்குவரை இழுத்துக் கட்டினால் சமாளித்துவிடலாம். அடுத்த நாளிலிருந்து அப்படித்தான் சமாளித்தேன்.

நீங்கள் நியாயம், அநியாயம் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புது ஃபர் வாங்காதீர்கள். மிங்க் என்பது காட்டில் தண்ணீரோரம் தனியாகத் திரிகிற விலங்கு, பண்ணையில் கம்பிக் கூண்டில் அடைத்து வைப்பார்கள். 2020இல் கொரோனா கிருமி பண்ணை மிங்க்குகளில் பரவி உருமாறியபோது டென்மார்க்கில் அத்தனையையும் கொல்ல உத்தரவு போட்டார்கள், அந்த நாட்டில் அப்போது சுமார் 1.5 கோடி மிங்க் இருந்தது. ஓர் அலங்காரத்துக்கு இவ்வளவா என்று அன்று நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பழைய கோட்டை அணிவதில் எனக்கு அவ்வளவு தடை இல்லை, இறந்தது இறந்ததுதான். "நீ கட்டுகிற பட்டுக்குப் புழுவை வெந்நீரில் போடவில்லையா, இறகு கோட்டுக்கு வாத்து வேண்டாமா, உன் தாத்தா மான்தோலில் உட்கார்ந்துதானே ஜபம் செய்தார்" என்று மடக்குவார்கள். சரியான கேள்விதான், என்னிடம் முழுப் பதில் இல்லை. செயற்கை ஃபரும் பிளாஸ்டிக்தான், துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிர்கிறது. கம்பளித் தொப்பி உச்சியில் குஞ்சம் வைத்து மலிவாக விற்கிறார்களே, அதைச் செயற்கை என்று நம்பி வாங்காதீர்கள். உண்மை ஃபரைச் செயற்கை என்று சொல்லி விற்ற கதை பிரிட்டனிலேயே நாடாளுமன்றக் குழு விசாரிக்கிற அளவுக்கு வந்தது. வகிடு எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது மாமியார். அவரிடம் லண்டன்காரர்களின் கொள்கையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், "எனக்கே பாடம் சொல்கிறாயா" என்று ஆரம்பித்துவிடும். நான் மேலே சொன்ன கசக்குகிற சோதனையை அவர் முன்னால், அவர் கையாலேயே செய்ய வையுங்கள். அப்பளச் சத்தம் கேட்டால் அவரே "ஐயோ, விடு" என்று சொல்லிவிடுவார். சத்தம் வராமல் கோட் நன்றாக இருந்துவிட்டால் கொஞ்சம் சிக்கல்தான். கடைக்கு வந்த ஒரு மருமகள் செய்ததைச் சொல்கிறேன். வரவேற்பறையில் ஏர்கானை 18இல் வைத்து, மாமியாருக்கே அந்தக் கோட்டை மாட்டிவிட்டு, பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. கோட் மறுபடி அலமாரிக்குப் போனபோது பிளாஸ்டிக் உறை போடாமல், பழைய பருத்தி வேட்டியால் சுற்றி, தோள் அகலமான ஹேங்கரில், பக்கத்துத் துணிகள் நெருக்காமல் தொங்கவிடச் சொல்லிக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம்.